எழ மறுத்த ராஜகுமாரி

1987இல் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிய நாளன்று, கள்ளக்குறிச்சி பொது மேடையில் தூங்கும் ராஜகுமாரியாக ஆடிய செந்தமிழ்ச்செல்வி, ஆட்டம் முடிந்தும் எழவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு மேல் அங்கேயே தூங்கினாள். அந்த வருஷம் மணிலாப் பயறு என்கிற வேர்க்கடலை நல்ல விலைக்குப் போனது, கோமுகி அணை நிரம்பவில்லை. ஊர்க்காரர்கள் இந்த மூன்றையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

தூக்கத்துக்குக் காரணம் நாட்டியம் சொல்லிக்கொடுத்த விஜயலட்சுமி டீச்சர்தான் என்று சிலர் இன்னமும் பேசுகிறார்கள். அது அபாண்டம். சென்னையில் அக்கா வீட்டு டிவியில், வெளிநாட்டுப் பெண்கள் கால்விரல் நுனியில் நின்று ஒரு முழுக்கதையையும் வாய் திறக்காமல் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். பாலே என்று அதற்குப் பெயர். ரபீக்கின் செருப்புக் கடையில் கேன்வாஸ் ஷூ வாங்கி, நுனியில் பஞ்சடைத்து, ஊர்ப் பெண்களுக்கு மாட்டிவிட்டார். குழந்தை குட்டியோடு வந்து பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி கதைகளையும் திருத்தினார். ஆட்டுக்குட்டிகளை விழுங்கும் ஓநாய் கள்ளக்குறிச்சியில் தயிர்சாதம் விழுங்கிவிட்டு ஏப்பம் விட்டது. நூறு வருஷம் தூங்கும் ராஜகுமாரி கதைதான் அவரைப் படாதபாடு படுத்தியது, ஏனென்றால் அதில் ராஜகுமாரன் முத்தம் கொடுத்து எழுப்புகிறான். பொது மேடையில் முத்தம் என்றால் மறுநாள் டீச்சர் ஊரில் குடியிருக்க முடியாது. கூத்தில் படுகளத்தில் விழுந்தவனை மஞ்சள் தண்ணீர் தெளித்து எழுப்புவதைப் போல, ராஜகுமாரனும் மஞ்சள் தண்ணீர் தெளிக்கட்டும் என்று மாற்றினார். எல்லோருக்கும் திருப்தி.

செந்தமிழ்ச்செல்வி பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, விழுப்புரம் காலேஜுக்குப் போக வேண்டும் என்று அழுதுகொண்டிருந்தவள். அப்பா கொளஞ்சியப்பன் மசியவில்லை. நைனார்பாளையத்தில் தன் தங்கை மகன் சிவசங்கருக்கு நிச்சயம் செய்து, ஐப்பசியில் கல்யாணம் என்று தேதியும் குறித்துவிட்டார். இந்த ஆட்டம்தான் கடைசி, பிறகு சலங்கையைக் கழற்றிவிட வேண்டும் என்பது அவர் உத்தரவு. இதே கொளஞ்சியப்பன்தான், நம் பிள்ளைகளுக்குக் காலேஜில் இடம் வேண்டும், வேலையில் பங்கு வேண்டும் என்று அந்தப் பகுதியில் மறியலை முன்னின்று நடத்தினார். கோரிக்கை நியாயமானது, அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அதற்காக உயிரையே கொடுத்தவர்கள் உண்டு. கச்சிராயபாளையம் ரோட்டுப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்ததும் அவர் ஆட்கள்தான். அதனால் ராஜகுமாரனாக ஆட வேண்டிய டிராயிங் மாஸ்டர் பழனி அட்டைக் கிரீடத்தோடு மரங்களுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். மேடையில் ராஜகுமாரி தூங்கினாள். ஆர்மோனியக்காரர் வாசித்ததையே வாசித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார்.

மறுநாள் பழனி மரங்களில் ஏறி இறங்கி வந்து ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். அவள் அசையவில்லை. மூச்சு சீராக வந்தது, முகத்தில் களை இருந்தது. டாக்டர் நாடி பிடித்து, தூக்கம்தான் என்றார். வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று நாலு பேர் தூக்கினால், மேடையும் சேர்ந்து கிளம்பப் பார்த்தது. விட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் சிமெண்டைப் பிளந்துகொண்டு இலந்தை முள் முளைத்து மேடையைச் சுற்றி அடர்ந்தது. அம்மா அமிர்தமும் டீச்சரும் போனால் அது விலகி வழிவிட்டது. குழந்தைகள் சாவகாசமாக நுழைந்து பழம் பொறுக்கித் தின்றார்கள். கதையில் சொன்ன ராஜகுமாரன் மாப்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று சிவசங்கரை அழைத்து வந்தார்கள். புது வேட்டியைத் தாறுமாறாகக் கிழித்துக்கொண்டு அவன் வெளியே நின்றான். கூட்டத்தில் ஒருவர், மூலக்கதையில் முத்தம்தானாமே, அதையும் பார்த்துவிடலாமே என்று இழுத்தார். டீச்சருக்கு வந்த கோபத்தில் குரல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது.

"குடும்பத்தோட பாக்குற ஆட்டங்க இது! தூங்கிக்கினு இருக்கற பொண்ணுகிட்ட கேக்காம இன்னா முத்தம் வேண்டிக் கெடக்குது? போங்க அந்தாண்ட!"

ஐப்பசி வந்தது, போனது. தையில் கல்யாணம் என்றார்கள், அதுவும் போனது. தூங்கியபடியே சில மாலைகளில் அவள் கால்விரல்கள் மட்டும் ஜதி போட்டன. வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள், முள் மறைத்தது. கடைசியில் 1989இல் சர்க்கார் தனி ஒதுக்கீடு கொடுத்தது. ஊரெல்லாம் பட்டாசு. கொளஞ்சியப்பன் கழுத்து கொள்ளாத மாலையோடு மேடைக்கு வந்து, முள்ளுக்கு வெளியே நின்று மகளிடம் உரக்கச் சொன்னார்: "கெலிச்சிட்டோம்மா!"

செந்தமிழ்ச்செல்வி அந்தப் பக்கம் புரண்டு படுத்தாள். இத்தனை நாளில் அவள் புரண்டது அதுதான் முதல் தடவை.

அமிர்தம் உள்ளேயிருந்து கேட்டாள்: "ஊருப் புள்ளைங்களுக்கெல்லாம் சீட்டு வாங்கியாந்துட்டீங்க. நீங்க பெத்தது இங்க படுத்துக்கினு கெடக்குதே, அதுக்கு இன்னா வாங்கியாந்தீங்க?"

"காலேஜுல சேத்து வுடறேன்னு சொல்லு. எழுந்திருக்கச் சொல்லு."

"வாயால சொன்னா நீங்க ரோட்டை வுட்டு எழுந்தீங்களா?"

அவருக்குச் சுருக்கென்றது. தூக்கம் என்று நினைத்து இத்தனை நாள் டாக்டரையும் மந்திரவாதியையும் அழைத்து வந்த தன் புத்தியை நினைத்து வெட்கப்பட்டார். அது மறியல். மறியல் செய்தவருக்கே அது தெரியாமல் போனதுதான் கொடுமை. மாலையைக் கழற்றி வைத்துவிட்டு நைனார்பாளையம் போய், நிச்சயதார்த்தத் தட்டைத் தங்கை வீட்டு வாசலில் நாலு பேர் முன்னால் திருப்பிக் கொடுத்தார். தங்கை மண்ணை வாரித் தூற்றினாள். அவர் தலை குனியவில்லை. திரும்பி வந்தபோது முள் விலகி நின்றது. மகள் உட்கார்ந்து தலைமுடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

"விழுப்புரத்துக்கு மொத பஸ் எத்தினி மணிக்குப்பா?" என்று கேட்டாள்.

அந்த ஜூனில் காலேஜில் சேர்ந்தாள். டீச்சர் கதையை மறுபடி திருத்தி, ராஜகுமாரனை எடுத்துவிட்டார். பழனி மாஸ்டர் முகத்துக்குப் பச்சைச் சாயம் பூசிக்கொண்டு முள்செடியாக ஆடிக் கைத்தட்டல் வாங்கினார். அதற்கடுத்த வருஷங்களில் கருணாபுரத்தில் ஒரு பெண் தூங்கினாள், கச்சிராயபாளையத்தில் அக்கா தங்கை இருவர் தூங்கினார்கள். யாரும் பதறவில்லை. இன்றைக்கும் அந்தப் பக்கத்து வீடுகளில் விடிந்து வெகுநேரமாகியும் ஒரு பெண் எழவில்லையென்றால், டாக்டரைத் தேடி ஓடுவதில்லை. அப்பாக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னா வேணும், சொல்லும்மா" என்று கேட்கிறார்.