கெயின் மூன்று, மிட் ஏழு

1

இந்தக் கதை எனக்கு ஒரு சண்டையிலிருந்து கிடைத்தது. என் சண்டையாக இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன். சண்டை போட்டது என் அக்காவும் அத்தானும். காரணம் ஒரு ஆம்ப், அதாவது கிதாரின் ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி. நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஒலி என்பது மௌனத்தின் காயம். அந்தக் காயத்தைச் சுமந்தபடி அவன்

சீ, இதெல்லாம் ஒரு தொடக்கமா! அடுத்தது:

இருபத்தெட்டுக் கிலோ எடையுள்ள ஒரு கறுப்புப் பெட்டி ஒரு திருமணத்தையே

இது பரவாயில்லை, ஆனால் பொய். திருமணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆபத்தில் இருந்தது ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும்தான். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

2

நாங்கள் நாலு பேர். அக்கா பாடுவாள். அத்தான் கிதார். டிரம்ஸ் அடிப்பவர் பேக்கரி வைத்திருக்கிறார், அதனால் அவர் பெயரே பேக்கரி. நான் பேஸ் கிதார்.* டயர் கடைக்கு மேலே ஒரு அறை, ஞாயிறு பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை எங்களுடையது. வாசிப்பதெல்லாம் பழைய ராக். மூன்று கார்டு (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு), ஒரு கோரஸ், கொஞ்சம் திமிர்.

* அது என்ன வாத்தியம் என்று கேட்காதீர்கள். பன்னிரண்டு வருடமாக வாசிக்கிறேன், பெற்ற தாயே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அக்காவுக்கு மருத்துவமனை லேபில் வேலை. காலை ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவாள். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் நடுமாடியில் மாட்டிக்கொண்டாலும் இவருக்குத்தான் போன் வரும். அவர் வீடு திரும்பும்போது அக்கா தூங்கியிருப்பாள், அவள் கிளம்பும்போது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். வாரம் முழுக்க இருவரும் கண் விழித்தபடி ஒரே அறையில் இருப்பது அந்த இரண்டு மணிநேரம்தான்.

3

(இந்தப் பகுதி கொஞ்சம் கட்டுரை மாதிரி இருக்கும். கிதார் தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். போக மாட்டார்கள், என்னைத் திருத்துவதற்காகவே படிப்பார்கள்.)

போன வருடம் ஒரு மெட்டல் இசைக்குழு கலைந்தபோது அத்தான் அவர்களுடைய ஹை கெயின் ஆம்பை வாங்கி வந்தார். பேய் பிடித்த மாதிரி அலறுவதற்கென்றே செய்த பெட்டி அது. கெயின் என்ற திருகைக் கூட்டக் கூட்ட ஒலி கிழிந்துகொண்டே போய், கடைசியில் ஒரே இரைச்சலாகிவிடும். பழைய ராக்கில் கிதார் அப்படிக் கத்தாது. தொண்டை கட்டியவர் ஆசையாகப் பேசுவதுபோல் லேசாகக் கரகரக்கும், அவ்வளவுதான்.

ஆனாலும் அந்தப் பெட்டியில் அதை வரவழைக்க முடியும். அத்தான் செய்த தப்பு வேறு. கிதார்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஆம்பை வீட்டில் தனியாக உட்கார்ந்து சரிசெய்தார். கெயின் ஒன்பது, கனமான ஒலிக்கான பேஸ் பத்து, கூர்மையான ஒலிக்கான ட்ரெபிள் பத்து, நடு ஒலியைக் கவனிக்கும் மிட் மட்டும் பூஜ்யம். தனியாகக் கேட்டால் அடடா, அரங்கமே அதிர்கிற மாதிரி இருக்கும். ஆனால் நாலு பேர் சேர்ந்து வாசிக்கும்போது அவருடைய கனமான ஒலியை என் பேஸ் விழுங்கிவிடும், கூர்மையான ஒலியை பேக்கரியின் டிரம்ஸ் தட்டுகள் விழுங்கிவிடும். மிச்சம் இருக்க வேண்டியது நடு ஒலி. அதைத்தான் அவரே பூஜ்யத்தில் வைத்துவிட்டாரே! தன் கிதார் தனக்கே கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவார். அந்த இரைச்சலில் அக்காவின் ஒரு வார்த்தை வெளியே வராது.

"உங்கத்தான் கையில அந்த ஆம்ப் குரங்கு கையில பூமாலைப்பா" என்பார் பேக்கரி.

4

சண்டைக்கு வருவோம். அதுவும் ஒரு ஞாயிறுதான், ஒத்திகைக்கு நடுவில் டீ நேரம். என் முதல் வரைவில் அக்கா இப்படிப் பேசினாள்:

"உங்கள் இரைச்சலில் என் குரலை நான் தொலைத்துவிட்டேன்."

அக்கா அதைப் படித்துவிட்டு ஓரத்தில் பேனாவால் எழுதினாள்: "டேய், நான் எந்த ஜென்மத்துலடா இப்படிப் பேசினேன்?"

அவள் உண்மையில் சொன்னது இது:

"ஏங்க, அந்தச் சனியனக் கொஞ்சம் குறைங்க. நான் பாடுறேனா கொட்டாவி விடுறேனான்னு எனக்கே தெரியல."

"குறைச்சா பாட்டுல உசுரே இல்லம்மா."

"அப்ப உசுரோட நீங்களே பாடிக்குங்க. ஒரு ஹோட்டல் பேண்டுல என்னக் கூப்பிடுறாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள பதில் சொல்லணும்."

அத்தான் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அவங்க என்னைக்கு வாசிக்கிறாங்க?"

"ஞாயிறு காலைல."

பிறகு அக்காவே குரலைத் தணித்துச் சொன்னாள்: "வர்ற ஞாயிறு ஒரே ஒரு பாட்டு. நான் பாடுறது எனக்குக் கேட்டா, நான் எங்கயும் போகல."

5

அத்தானை இந்தக் கதையின் வில்லனாக்கலாம் என்றுதான் திட்டம். இரண்டு பக்கம் எழுதியும்விட்டேன். மீசையை முறுக்கினார், கண் சிவந்தார். அவருக்கு மீசையே கிடையாது. சனிக்கிழமை மதியம் அவர் என் வீட்டுக்கு வந்து அந்த இரண்டு பக்கத்தையும் கெடுத்தார்.

ஆம்பைத் தோளிலும் கிதாரை முதுகிலும் சுமந்துகொண்டு மூன்றாவது மாடிக்கு வந்து நின்றார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் அன்று ஓடவில்லை. (சத்தியமாக ஓடவில்லை. கதைக்காக லிஃப்டை நிறுத்துகிற ஆள் இல்லை நான்.)

"மாப்ள, இத வித்துடலாம்னு இருக்கேன். நல்லா ஒரு விளம்பரம் எழுதிக் குடு."

"விக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ கெயினக் குறைச்சுப் பாருங்க அத்தான்."

"குறைச்சா சத்தம் செத்துப் போகுதுடா."

"மாஸ்டர் வால்யூமக் கூட்டுங்க. மெக்கானிக்குக்கு நான் சொல்லணுமா?"

முனகிக்கொண்டே உட்கார்ந்தார். கெயின் மூன்று. மிட் ஏழு. மாஸ்டரைப் பக்கத்து வீட்டுக்காரரின் பொறுமை எதுவரையோ அதுவரை ஏற்றினோம். கிதாரிலேயே இருக்கும் திருகையும் ஒரு நூல் குறைத்தார். முதல் கார்டை அடித்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. அதேதான்! கரகரப்பு, சூடு, ஆறு கம்பியும் தனித்தனியாகக் கேட்டன.

இரண்டாவது கார்டில் ஒரு விரல் நழுவியது. மூன்றாவது தாமதமாக வந்தது. அதுவும் தனித்தனியாகக் கேட்டது.

அத்தான் நிறுத்திவிட்டார். கிதாரை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு திருகுகளையே பார்த்தார்.

"எனக்குத் தெரியும் மாப்ள" என்றார்.

"என்னது?"

"கெயின் ஏத்தி வெச்சா தப்பு தெரியாது. எல்லாம் ஒரே கூச்சலாயிடும். முன்னாடி சத்தத்தக் கிழிக்கிற கால் பெடல வெச்சு சமாளிச்சேன், இப்ப இத வெச்சு. பன்னெண்டு வருஷமாடா." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அவ பாடுறா. நான் பக்கத்துல நின்னு வாசிக்கிற மாதிரி நடிக்கிறேன். இது தெரிஞ்சா நாளைக்கே அந்த ஹோட்டலுக்குப் போயிடுவா. போகாம வேற என்ன பண்ணுவா?"

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. அந்த நேரத்தில் அவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. செய்யவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன், அதுவும் கசந்தது.

6

ஞாயிறு, பத்து மணி. அத்தான் வந்ததும் யாரையும் பார்க்காமல் ஆம்பைப் பொருத்தினார். நான் எட்டிப் பார்த்தேன். மூன்று, ஏழு. மனுஷன் துணிந்துவிட்டார்!

முதல் சரணத்தில் அக்காவின் குரல் தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டது. பேக்கரி தலை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அந்தப் பாட்டின் வரிகள் அன்றுதான் தெரிந்திருக்கும். கதை இங்கேயே முடிந்திருக்கலாம். அக்கா கேட்டது கிடைத்துவிட்டது.

இரண்டாவது சரணத்தில் அத்தான் தப்பான கார்டில் போய் விழுந்தார். டயர் கடைக்கே கேட்டிருக்கும். அடுத்ததும் தப்பு. அவர் கை கெயின் திருகை நோக்கிப் போனது.

அக்கா பாடுவதை நிறுத்தினாள்.

"அதத் தொடாதீங்க."

"தப்பா வருதும்மா."

"தெரியுது." மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, என் கிதார்ப் பெட்டியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "பாட்டு கிடக்கட்டும். நீங்க மட்டும் வாசிங்க."

"நான் மட்டுமா? எதுக்கு?"

"பன்னெண்டு வருஷமா உங்க பக்கத்துல நிக்கிறேன். ஒரு நாள்கூட உங்களக் கேட்டதில்லங்க."

பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் போய் டீ குடிங்க."

நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். மணி பத்தேகால்.

7

முடிவுகள்.

(அ) அக்கா ஹோட்டலுக்குப் போன் செய்து வரவில்லை என்கிறாள். எல்லோரும் கைதட்டுகிறோம். [இதை எழுதியபோது எனக்கே கூச்சமாக இருந்தது.]

(ஆ) அவள் போகிறாள். ஹோட்டலில் கடைசி மேசையில் அத்தான் தனியாக உட்கார்ந்து, ஒரு காப்பியை [இதை முழுதாக எழுத மனம் வரவில்லை. அவர் என் அத்தான்.]

(இ) அத்தான் அன்று பிரமாதமாக வாசித்துவிடுகிறார். [பேக்கரி படித்துவிட்டு அரை மணிநேரம் சிரித்தார்.]

நடந்தது என்ன என்று அக்காவிடமே கேட்டேன். வரைவின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள்: "கதவுக்கு வெளிய இருந்தவன் வெளியவே இரு." சரி. எழுதுகிறவனாக நான் ஒரே வரியில் அந்தக் கதவைத் திறந்துவிடலாம். தம்பியாக முடியாது. இரண்டும் ஒரே ஆளாக இருப்பதுதான் தொல்லை.

நீங்கள் அவளுக்குத் தம்பி இல்லையே. அதனால் உங்களைக் கதவுவரை கூட்டிக்கொண்டு போகிறேன். உள்ளே கிதார் கேட்கிறது. அதே இடத்தில் தப்புகிறது, நிற்கிறது, மறுபடி முதலிலிருந்து வருகிறது. கெயினை அவர் ஏற்றவில்லை, தப்பு அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. அக்கா ஒரு வார்த்தையும் பேசவில்லை. பன்னிரண்டு ஆக இன்னும் நேரம் இருக்கிறது. கதவு பூட்டவில்லை, சாத்தித்தான் இருக்கிறது. அவர் அந்தக் கார்டை ஒரு தடவையாவது சரியாகப் பிடிக்கட்டும், அப்புறம் தட்டுங்கள்.