புறங்கைச் சூடு

"ஜன்னலைக் கொஞ்சம் இறக்கட்டுமா?"

"வேணாம்மா. காத்து உள்ள பூந்தா வண்டியைப் பின்னால புடிச்சு இழுக்கும். டீசல் குடிக்கும்."

"அப்ப ஏசி?"

"அது அதைவிடப் பெரிய குடிகாரன்."

அவள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பிக்கப்பின் உள்ளே மூடி போட்ட சட்டிக்குள் இருப்பது போல வெந்தது. பின்னால் டிரெய்லரில் ஒரு படகு, மூக்கை இவர்கள் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு வந்தது. அதைப் பட்டறை வாசலில் கொண்டுபோய் இறக்க வேண்டும். கணவன் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு வெறுங்காலால் ஓட்டினான். செருப்பு போட்டால் மிதி கனத்துப்போகிறதாம்.

"பாத்தியா, முள்ளு இன்னும் பாதிக்கு மேலதான் நிக்குது."

"நீங்க முறைக்கிற முறைப்புக்கு அது இறங்கப் பயப்படுது."

சிரித்தான். சிரிக்கும்போதும் கண் டீசல் முள்ளை விட்டு அகலவில்லை.

வண்டி அவள் அப்பாவுடையது. படகு ஏற்றி இறக்கும் தொழிலும் அவருடையது, வீடும் அவருடையது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டுப் பின்னறையில்தான் இவர்கள் குடித்தனம். நகரத்தில் கண்ணாடிக் கடைக்காரம்மா இவளுக்கு லென்ஸ் பொருத்தும் வேலையும் மாடியில் ஓர் அறையும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இவனிடம் சொன்னதற்கு, "வண்டி ஓடுற வரைக்கும் மாமாவை அம்போன்னு விட்டுட்டு வர முடியுமா?" என்றான். அதற்கு மேல் வாயைத் திறக்க வழியில்லை.

போன வாரம் அப்பாவே வழி திறந்தார்.

"மாப்ள, இந்த வண்டி யானைத் தீனி தின்னுது. அடுத்த பெரிய நடையில திரும்பி வரும்போது முள்ளு பாதிக்குக் கீழ இருந்துச்சுன்னா, வித்துட்டு நான் பெரியவன் வீட்டுக்குப் போயிடுறேன். நீங்க ரெண்டு பேரும் உங்க பாட்டைப் பாருங்க."

அன்றிலிருந்து இவனுக்குத் தூக்கம் இல்லை. டயருக்குக் காற்று அடித்தான். பெட்டியில் கிடந்த இரும்புச் சாமான்களை எல்லாம் இறக்கினான். தூசி அடைத்த வடிகட்டியை மாற்றினான். மாமனார் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்ற தவிப்பு.

டீக்கடை ஓரமாக வண்டி நின்றது.

"போய்ப் பாத்துட்டு வா."

டிரெய்லர் சக்கரம் பார்ப்பது அவள் வேலை. கடலில் படகு இறக்கும்போது உப்புத் தண்ணீரில் மூழ்கி எழும் சக்கரம். துருவேறி பிரேக் இறுகிக்கொள்ளும். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலப் புறங்கையை வைத்துப் பார் என்று பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அப்பா பழக்கியிருந்தார். அவள் தொட்ட சக்கரத்தை அந்த வீட்டில் வேறு யாரும் மறுபடி தொட்டுப் பார்த்ததில்லை.

இடது பக்கம் சாதாரணமாக இருந்தது. வலது பக்கம் கையை வைப்பதற்குள் சுரீர் என்றது. அப்பா அந்தப் பேச்சு பேசியதற்கு மறுநாளே இதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். பூட்டிய சக்கரத்தை இழுத்துக்கொண்டு ஓடும் வண்டி தின்னாமல் என்ன செய்யும்?

"எப்படி?" என்றான், கதவு திறந்ததும்.

"குளுந்துருக்கு."

"அப்ப என் கால்தான் சரியில்ல," என்றான். பாதியை நெருங்கிவிட்ட முள்ளைப் பார்த்தபடி, தனக்குத்தானே சொல்வது போல.

அவள் புறங்கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டாள். ஜன்னல் மூடியே இருந்தது.

படகைப் பட்டறையில் இறக்கிவிட்டு வீட்டு வாசலுக்கு வந்தபோது முள் பாதிக்குக் கீழே நன்றாகவே சாய்ந்திருந்தது. அப்பா வண்டித் தரகரைக் கூட்டி வைத்திருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். திட்டவில்லை. அதுதான் மோசம்.

"விடுங்க மாப்ள. எல்லாருக்கும் எல்லாம் வராது." பிறகு தரகர் பக்கம் திரும்பினார். "வண்டி தங்கம். ஓட்டுற கால்தான் கொஞ்சம் கனம்."

"காலையும் சேத்து என் தலையில கட்டிடாதீங்க," என்றார் தரகர்.

இருவரும் சிரித்தார்கள். கணவனும் சிரித்தான். சூட்டில் சிவந்த பாதத்தை மற்றப் பாதத்தின் மேல் வைத்து மறைத்துக்கொண்டு, மாமனார் வீட்டில் நிற்கும் மாப்பிள்ளை சிரிக்க வேண்டிய அளவுக்குச் சிரித்தான்.

ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சாவி கை மாறிவிடும்.

"அப்பா," என்றாள். "வலது பக்கச் சக்கரத்தைத் தொட்டுப் பாருங்க."

அவர் புறங்கையை வைத்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அடிப்பாவி, கொதிக்குதே. இது எத்தனை நாளா?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "நோய் டிரெய்லருக்குத்தான்யா. வண்டிக்கு ஒண்ணுமில்ல. நீங்க கிளம்புங்க தரகரே. மாப்ள, அந்த சுத்தியலை எடுங்க. உங்க காலைக் குத்தம் சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. இனி இது நம்ம ஆயுசுக்கும் ஓடும்."

கணவன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு அவளருகே வந்தான்.

"ஒவ்வொரு தடவையும் குளுந்துருக்குன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"கண்ணாடிக் கடைக்காகவா?"

தலையாட்டினாள். அவன் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த நடையில் முள் இறங்க மனமில்லாமல் மேலேயே நின்றது. ஜன்னலைத் திறக்கலாமா என்று அவள் கேட்கவில்லை. டீக்கடை ஓரம் வண்டி நின்றதும் வழக்கம்போலக் கதவுப் பிடியில் கை வைத்தாள்.

"நீ இரு."

அவனே இறங்கினான். பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து, பழக்கமில்லாத கையால், இடது சக்கரத்தைத் தொட்டான். சுற்றிக்கொண்டு போய் வலதையும் தொட்டான். திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"குளுந்துருக்கு," என்றான், அவளைப் பார்க்காமல்.