காலியான பலகை

அந்த மலையூருக்கு வருகிறவர்கள் பழைய ஈயச் சுரங்கத்துக்குள் ஒரு நடை போகாமல் திரும்புவதில்லை. உள்ளே போகிறவர்கள் வாசல் பலகையில் ஆளுக்கொரு தகர வில்லையை மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். பலகை காலியானால் வாசல்காரி ஒருமுறை மணியடிப்பாள். மேட்டிலிருக்கும் அவள் கொழுந்தன் மதகைத் திறந்து, நடைபாதைச் சேற்றை அலசத் தண்ணீர் விடுவான். சுரங்கம் வேலை செய்த காலத்திலிருந்தே அப்படித்தான்.

அன்று சாயங்காலம் பலகை காலி. மணியடித்துவிட்டுக் கதவைச் சாத்த எழுந்தவள், ஒரு பெரியவர் கைத்தடியோடு நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்தாள். கால் கடுக்குமே என்று தன் முக்காலியைக் கொண்டுபோய்ப் போட்டாள்.

“உக்காருங்கய்யா. பஸ்சுக்கா நிக்கிறீங்க?”

“வீட்டுக்காரிக்கு. உள்ள ஏதோ பழைய தள்ளுவண்டியாம், பாத்துட்டே நிக்கிறா. தோள்வலிக்காரி, எக்கி எடுக்க வேணாமேன்னு அவ வில்லையையும் நானே கழட்டிப் போட்டுட்டேன்.”

மேட்டில் மதகு கிறீச்சிட்டது. கத்தினால் அங்கே கேட்காது. மணிக்கயிற்றைப் பெரியவர் கையில் திணித்து, தான் வரும்வரை நிறுத்தாமல் இழுக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சோடு உள்ளே ஓடினாள். ஒருமுறை அடித்தால் தண்ணீர்; விடாமல் அடித்தால் என்னவென்று கொழுந்தனுக்கு யாரும் சொன்னதில்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துவிட்டால்?

தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. பிறகு முழங்கால். கடவுளே, கடவுளே என்பதைத் தவிர அவள் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. வளைவு தாண்டியதும், அந்த அம்மாள் இரும்புத் தள்ளுவண்டிக்குள் ஏறி நிற்பது தெரிந்தது. தோள்வலி எங்கே போனதோ. வாசல்காரியும் ஏறி அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். தண்ணீர் வண்டியின் விளிம்புவரை வந்து, நின்று, மெல்ல இறங்கியது.

இருவரும் வெளியே வந்தபோது கொழுந்தன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“உங்களுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு மூடிட்டு வந்தேன், அண்ணி.”

அவனுக்கு வேறெதுவும் தோன்றியிருக்கவில்லை. அந்த அன்பே போதுமானதாக இருந்தது. பெரியவருக்குப் போட அந்த முக்காலியைத் தன் கையில் எடுத்துக் கொடுத்தவர் கடவுள்தான் என்பதிலும் அவளுக்குச் சந்தேகமில்லை.

பெரியவர் கண்களை இறுக மூடிக்கொண்டு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார். மனைவி ஈரப் புடவையோடு போய் அவர் கைமேல் கை வைத்தாள்.

“போதும், விடுங்க. ஊரே கூடிடப் போவுது.”

அவர் விரல்கள் பிரியவில்லை. அவளே ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.