செயப்பாட்டு வினை

வேலைக்குப் போன இந்தோனேசியாவிலேயே மகன் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான் என்று செய்தி வந்தபோது, வீட்டில் அழுதது அப்பாதான். அம்மா அழவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் நேரே நூலகத்துக்குப் போனாள். தானாகவே மொழியைக் கற்றுக்கொள்ள ஒரு பாடநூல், தலையணை கனத்துக்கு அந்த நாட்டின் வரலாறு, படம் போட்ட குழந்தைக் கதைகள் என்று கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். அகராதியை மட்டும் பழைய புத்தகக் கடையில் வாங்கினாள்.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவள் வேலை. மெஷின் ஒரு பக்கம் சுற்ற, இன்னொரு பக்கம் பாடம் ஓடியது. வீட்டிலும் அடுப்படியில் புத்தகம் விரிந்தே கிடக்கும். ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான கணவர் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த வயசுல எந்தப் பரீட்சை எழுதப் போற?"

"வர்ற பொண்ணு இங்க வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்கணுமா? கேளுங்க, அவங்களும் கப்பலைக் கப்பால்னுதான் சொல்றாங்க. பெட்டியை பெத்தின்றாங்க."

"நம்மகிட்டருந்து எடுத்துட்டுப் போனதா? வரும்போது திருப்பிக் கொண்டுவரச் சொல்லு."

வரலாற்றுப் புத்தகத்தில் ஓரிடம் அவளுக்கு மிகவும் பிடித்துப் போனது. ஊருக்கொரு மொழி பேசிய அத்தனை தீவுகளுக்கும், துறைமுகத்திலும் சந்தையிலும் புழங்கிய ஒரு மொழியை இளைஞர்கள் கூடிப் பொதுமொழியாக ஏற்றுக்கொண்ட கதை அது. நம் வீட்டுக்கும் அப்படி ஒன்று அமைந்துவிடும் என்று மனக்கோட்டை கட்டினாள்.

மகனுக்கு இங்கேயே வேலை கிடைத்ததும் அவனும் மருமகளும் வந்து இறங்கினார்கள். மருமகள் ஒல்லியாக, வட்டக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருந்தாள். வாசலில் வைத்தே அம்மா தான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த நல்வரவைச் சொன்னாள். "செலாமத் தாத்தாங்."

மருமகளின் முகம் மலர்ந்தது. அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா, அவளைத் தாத்தாவாக்கிட்டீங்களே. இந்த பாஷை உங்களுக்கு வேணாம், விட்டுடுங்க. ஏதாவது சொல்லணும்னா நான் சொல்லிடறேன்." அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அம்மாவுக்கு முகம் செத்துப் போனது. அதன்பிறகு அந்த மொழியில் அவள் வாய் திறக்கவில்லை. மாமியாருக்குத் தெரிந்தது அந்த இரண்டு வார்த்தைதான் என்று மருமகளும் நினைத்துக்கொண்டாள்.

ஆனால் பாடத்தை அம்மா விடவில்லை. மகன் வேலைக்குப் போனபின் துணி காயப்போடும் பால்கனியில் நின்று மருமகள் தன் தாயுடன் போனில் பேசுவாள். கடைக்குக் கிளம்புமுன் கூடத்தில் உட்கார்ந்து காய் நறுக்கியபடி அம்மா அதில் தெரிந்த சொற்களைப் பொறுக்குவாள். மழை, சாதம், தம்பி, காய்ச்சல். ஒட்டுக்கேட்கிறோமே என்ற கூச்சம் கொஞ்சம் இருந்தது. புரிகிறதே என்ற சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஒருநாள் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, "டிபுக்குல் லாகி" என்றாள்.

லாகி என்றால் மறுபடியும். புக்குல் என்றால் மணி. மணி என்ன, மணி ஐந்து என்று பாடநூலில் படித்ததுதான். ஆனால் எத்தனை மணி என்று அவள் சொல்லவில்லையே? காயை அப்படியே வைத்துவிட்டு அம்மா அகராதியைப் புரட்டினாள். புக்குல் என்பதற்கு முதல் அர்த்தமாக அடித்தல் என்று போட்டிருந்தது. மணி அடிப்பதிலிருந்துதான் நேரம் என்ற அர்த்தமே வந்திருக்கும் போலிருக்கிறது. முன்னால் 'டி' சேர்ந்தால் செயப்பாட்டு வினை. மறுபடியும் அடிக்கப்பட்டது.

அந்தப் பாடத்தைத் திரும்பப் படித்தாள். செயப்பாட்டு வினையில் செய்தவர் யாரென்று சொல்ல வேண்டிய அவசியமில்லை என்று இருந்தது. அந்த வரியை அவள் பிடித்துக்கொண்டாள். யார் அடித்தது, யாரை அடித்தது என்று அவள் சொல்லவில்லையே. தம்பியை யாராவது அடித்திருக்கலாம். பந்து பட்டிருக்கலாம். அரைகுறைப் படிப்பை வைத்துக்கொண்டு பெற்ற பிள்ளை மேல் பழி போடுவதா? இப்படியே ஒரு வாரத்தை ஓட்டினாள். அந்த வாரத்தை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

வாரக் கடைசியில் மகன் மருமகளின் கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டினான். "மேல உக்காந்துட்டாம்மா. கொஞ்சம் நிமித்திக் குடுங்க."

கடையில் விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். மேலே உட்கார்ந்தால் காதுக்கம்பிகள் பரந்துபோகும், முகப்பு தட்டையாகும். இதில் ஒரு பக்கக் கீல் மட்டும் உள்ளே மடங்கியிருந்தது. மூக்கில் பதியும் பட்டையும் அந்தப் பக்கத்திலேயே நசுங்கியிருந்தது. முகத்தில் இருக்கும்போது பக்கவாட்டில் அடி விழுந்தால்தான் ஃப்ரேம் இப்படி ஆகும். சண்டையில் அடிபட்டு வருகிறவர்களின் கண்ணாடியை அவள் எத்தனையோ பார்த்தவள். இடுக்கியை எடுத்துக் கீலை நிமிர்த்தினாள்.

மறுநாள் மகன் கிளம்பியதும் கண்ணாடியை மருமகளுக்கு மாட்டிவிட்டு, "சாயா மெங்கெர்த்தி" என்றாள். எனக்குப் புரிகிறது.

மருமகள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். யாரிடமும் சொல்லாதீர்கள், அவருக்குத் தெரிந்தால் இன்னும் அதிகமாகும் என்று கெஞ்சினாள். பாதிச் சொற்கள் புரியவில்லை, ஆனாலும் மிச்சத்தை அந்த முகமே சொல்லிவிட்டது. அம்மா கதைப்புத்தகத்து வாக்கியங்களைக் கோத்துக் கேட்டாள். உனக்கு என்ன வேண்டும்?

"பூலாங்." வீட்டுக்குப் போகணும்.

மாலையில் மகன் வந்ததும் அம்மா சுற்றி வளைக்காமல் கேட்டாள். "நீ அவளை அடிக்கிறியா?"

"யாரு சொன்னா?"

"அவ அம்மாகிட்ட சொன்னதைக் கேட்டேன்."

"புக்கைப் படிச்சுட்டு உளறாதீங்கம்மா. ஒரு வார்த்தைக்கு நாலு அர்த்தம் இருக்கும். உங்களுக்கு என்ன தெரியும்?"

"கண்ணாடிக்கு நாலு அர்த்தம் கிடையாதுடா."

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும்" என்றான். அதற்குள் அப்பா குறுக்கே வந்தார். "அவன் அப்படிப்பட்டவன் இல்ல. நீ வேணும்னே குடும்பத்தைக் கலைக்கிற."

"அவனையே சொல்லச் சொல்லுங்க. அடிக்கலைன்னு அவன் இன்னும் சொல்லலை."

அப்பா மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்தப் பெண்ணை அம்மா தன் அறையிலேயே படுக்க வைத்துக்கொண்டாள். மகன் பூட்டி வைத்திருந்த பாஸ்போர்ட்டைத் தராவிட்டால் போலீசுக்குப் போவேன் என்று சொன்னாள். அவன் மேசைமேல் எறிந்தான். கையிலிருந்த வளையலை அடகில் போட்டு டிக்கெட் எடுத்தாள். விமான நிலையத்தில் மருமகள் அவள் புறங்கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். பெரியவர்களிடம் அப்படித்தான் விடைபெறுவார்கள் என்று அம்மா படித்திருந்தாள். அந்த ஒரு வாரத்தை நினைத்துக் கையை எடுத்துவிடத் தோன்றியது, எடுக்கவில்லை.

மகன் வேறிடம் பார்த்துக்கொண்டு போய்விட்டான். போனை எடுப்பதில்லை. அப்பா சாப்பிட வருவார், போவார். பேச்சு குறைந்துவிட்டது.

சில நாள் கழித்து அந்தப் பெண்ணின் தாய் போன் செய்தாள். அம்மா மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை எல்லாம் தயாராக வைத்திருந்தாள். அந்தத் தாய் அவற்றைச் சொல்லவிடவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, ஒன்றே ஒன்று கேட்டாள். "உங்கள் மகன் முன்பிருந்தே இப்படியா?"

கேள்வி முழுசாகப் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் அவன் ஒரு பையனின் பல்லை உடைத்துவிட்டு வந்ததும், அந்தப் பையன்தான் முதலில் வம்புக்கு வந்தான் என்று ஹெட்மாஸ்டரிடம் தானே வாதாடியதும் நினைவுக்கு வந்தன. வேறு சிலவும் வந்தன.

"ஆமாம்" என்று அந்த மொழியில் சொன்னாள்.

அந்தத் தாய் போனைத் துண்டிக்கவில்லை. அங்கே எங்கோ ஒரு வாகனம் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி அம்மா நின்றுகொண்டிருந்தாள்.