பொட்டை மயிலுக்குப் புராணம் இல்லை

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது, ஒப்புக்கொள்கிறேன். மதங்களில் மயில் என்று எழுதப்போய் ஒரு நோட்டையே நிரப்பி வைத்திருந்தேன். அன்னவாசல் பக்கத்தில் காத்தாயி என்ற விவசாயப் பெண், "மயில் கதையா? போன வருசம் எங்க கொல்லையில நடந்ததக் கேளுங்க" என்று ஆரம்பித்தாள். நோட்டை மூடினேன்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'கார்மேகம் கண்ட மயில் தன் தோகையை விரித்து'

இல்லை. அந்தக் கொல்லையில் தோகையே கிடையாது.

2

1963, ஆடி மாதம். முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஈரம் காய்வதற்குள் உழுது கடலை விதைத்தாக வேண்டும். காத்தாயியின் கணவன் சோலையப்பன் ஏர் ஓட்டிக்கொண்டு வந்தான். கொல்லையின் (அந்தப் பக்கம் புன்செய்க்கு அதுதான் பேர்) நடுவே, புல் மறைவில், ஒரு பெண்மயில் ஐந்து முட்டைகளின் மேல் படுத்திருந்தது. மாட்டு மூச்சு மேலே படும் அளவுக்கு நெருங்கியும் எழவில்லை.

"முட்டைய எடுத்து நம்ம கோழிக்கு அடை வச்சுருவோம்" என்றான்.

"பெத்தவ இங்க உக்காந்திருக்கா, கோழி எதுக்குங்க?" காத்தாயி மாட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"ஈரம் காஞ்சு போனா வருசம் பூராம் என்னத்தத் திங்கிறது?"

"அது எந்திரிக்கட்டும், அப்புறம் உழுங்க."

"அது எந்திரிக்க இருவது நாளாகும்!"

ஏரை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான்.

3

மதியத்துக்குள் சேதி பரவிவிட்டது. வருஷாவருஷம் விராலிமலைக்குக் காவடி எடுக்கும் ரெங்கசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முருகன் வாகனம்! பந்தல் போட்டுத் தேங்கா ஒடைப்போம்."

வழியே வந்த பக்கீர் ஒருவர் கையிலிருந்த மயில்பீலி விசிறியைக் காட்டிச் சிரித்தார். "சொர்க்கத்துக்குள்ள சைத்தான விட்டதே இதுதான் ஆத்தா. ஆனா இந்தப் பீலியில வீசித்தான் பிள்ளைகளுக்கு ஓதுறேன்."

(அடுத்து ஞானமணி வாத்தியார் வந்து, மயிலின் சதை அழுகாது என்று நம்பிய ஆதி கிறிஸ்தவர்கள் அதைக் கல்லறைகளில் வரைந்ததாகச் சொல்கிறார். அவர் நிஜமாக வந்தாரா என்பதில் எனக்கே சந்தேகம். என் நோட்டிலிருந்து இறங்கி வந்தவர் மாதிரி இருக்கிறார். காத்தாயியோ, "வந்தாரு, மோர் குடிச்சாரு" என்று சத்தியம் செய்கிறாள். இருந்துவிட்டுப் போகட்டும். சமண முனிவர்கள் எறும்பு சாகாமலிருக்க மயிற்பீலியால் தரையைப் பெருக்கிவிட்டு உட்காருவதைச் சேர்க்க நினைத்தேன். சொல்ல ஆள் வரவில்லை.)

எல்லாம் கேட்டுவிட்டுக் காத்தாயி சொன்னாள்: "நீங்க சொல்றதெல்லாம் ஆம்பள மயிலு. அது அப்பவே அங்கிட்டுப் போயிருச்சு. முட்ட மேல உக்காந்திருக்கிற இவளுக்கு ஒரு கதையும் இல்லையா?"

யாரிடமும் இல்லை. என் நோட்டிலும் இல்லை. ரெங்கசாமி பந்தல் பேச்சை விட்டுவிட்டு, கூட்டத்தைக் கலைந்துபோகச் சொன்னார்.

4

முதல் பிரதியில் சோலையப்பனை 'ஈரமில்லாத நெஞ்சுக்காரன்' என்று எழுதியிருந்தேன். ஆளைப் பார்த்தபிறகு அடித்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் காத்தாயி கொல்லைக்கு ஓடினாள். விடியுமுன்பே ஏர் ஓடிக் கொல்லை சிவந்து கிடந்தது. ஆனால் நடுவில் மட்டும் இரண்டு கட்டில் அகலத்துக்குப் புல் அப்படியே நின்றது. அதைச் சுற்றிச் சோலையப்பன் முள் அடைத்துக்கொண்டிருந்தான்.

"பக்கத்துல இருந்த புல்லெல்லாம் போச்சுல்ல, நரி வந்துரும்" என்றான் அவளைப் பார்க்காமலே. பிறகு ரகசியம்போல், "நான் உழுகுறப்ப என்னையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு புள்ள. பறக்கவே இல்ல!"

அவன் குரலில் அப்படியொரு பெருமை.

5

முடிவு, ஒன்று: இருபதாம் நாள் நான்கு குஞ்சுகள் தாயின் பின்னால் வரிசையாக நடக்க, ஊரே கைகூப்பி

போதும். நான்கு குஞ்சுகள் என்பது மட்டும் உண்மை.

நடந்தது: தாய் குஞ்சுகளை நேராகக் கடலைப் பயிருக்குள் கூட்டிப்போனது. ஐந்தும் சேர்ந்து இளங்குருத்தாகப் பார்த்துக் கொத்தின.

"ஏ காத்தாயி! ஒன் ஆளுகளக் கூப்புடுடீ!" என்று சோலையப்பன் துண்டை வீசிக்கொண்டு ஓடினான். காத்தாயி சிரிப்பு தாங்காமல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்புறம் யார்தான் விரட்டினது?" என்று கேட்டேன்.

"அவுகதான்" என்றாள் காத்தாயி.

"அவதான்" என்றான் சோலையப்பன்.

அந்த வருஷம் நாலு வரிக் கடலை காணாமல் போனதென்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. யார் விரட்டியது, விரட்டினார்களா என்பதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். துண்டைக் கொஞ்சம் மெதுவாக வீசச் சொல்லுங்கள், குஞ்சுகளுக்கு இன்னும் பறக்கத் தெரியாது.