கொல்லையில் நெப்டியூன்

ஃபோன் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தது. "வரிசை இரண்டு, நெடுவரிசை ஒன்று, புதன். நெடுவரிசை இரண்டு, ஐந்து கோடியே எழுபத்தொன்பது லட்சம். நெடுவரிசை மூன்று, எண்பத்தெட்டு." கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த மணிவேல் வியாழனுக்கு வருவதற்குள் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். பிறகு அணைத்துவிட்டு ஃபோனைத் தலையணைக்கு அடியில் செருகினார்.

"எந்த நம்பர் எதோடதுன்னே தெரியல கலா. தலைப்ப ஞாபகம் வச்சிக்கிறதுக்குள்ள அது அடுத்த வரிக்குப் போயிடுது."

சந்திரகலா தலையணைக்கு அடியிலிருந்து ஃபோனை எடுத்துத் தானும் ஒரு முறை கேட்டாள். கணவருக்குக் கண்ணில் அழுத்தம் கூடி, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, ஆடி மாதத்தில் முழுதாகப் போயிருந்தது. கீழ்பென்னாத்தூரை ஒட்டிய பள்ளியில் அவர் சமூக அறிவியல் ஆசிரியர். மருத்துவ விடுப்பு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். தலைமை ஆசிரியர் நல்ல மனிதர்தான். வகுப்பு எடுத்துச் சிரமப்பட வேண்டாம், நூலகத்தில் உட்கார்ந்திருங்கள், சம்பளத்துக்கு ஒன்றும் குறை வராது என்று சொல்லியிருந்தார். ஆறாம் வகுப்புக்கு ஒரே ஒரு பாடம் எடுத்துப் பார்க்கிறேன், சரிவரவில்லை என்றால் நானே நூலகத்துக்குப் போய்விடுகிறேன் என்று மணிவேல் கேட்டிருந்தார். அந்தப் பாடம் சூரியக் குடும்பம். பாடத்தின் உயிரே அந்த அட்டவணைதான்.

சந்திரகலா திருவண்ணாமலை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடிக்கிறாள். லாட்ஜுகளுக்கு வாடகைப் பட்டியல், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், கலெக்டர் ஆபீஸுக்குப் போகும் மனுக்களின் இணைப்பு என்று எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டுக் கொடுப்பாள். கட்டம் இருந்தால்தான் வருகிறவர்களுக்குத் திருப்தி. போட்ட கட்டத்தை எடுத்துக் கொடுங்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

மறுநாள் மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் மணிவேலின் பாட ஃபைலைத் திறந்தாள். அட்டவணையைத் தேர்வு செய்து, மேலே லேஅவுட்டில் கட்டத்தை வெறும் எழுத்தாக்கும் 'கன்வெர்ட் டு டெக்ஸ்ட்' என்பதை அழுத்தினாள். எதை வைத்துப் பிரிக்கட்டும் என்று கேட்டது. பத்திக் குறியைக் கொடுத்தாள். கோடுகள் மறைந்து, எல்லாம் தனித்தனி வரியாக ஒன்றின் கீழ் ஒன்று விழுந்தன. காதில் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டாள். புதன். ஒரு எண். இன்னொரு எண். வெள்ளி. ஒரு எண். அவளுக்கே பிடிபடவில்லை. பழையபடி ஆக்கிவிட்டு, காற்புள்ளி கொடுத்தாள். எண்களுக்குள் ஏற்கெனவே இருந்த காற்புள்ளிகளோடு இதுவும் சேர்ந்து, எது எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போயிற்று.

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அர்த்தம் முழுவதும் மேலே தலைப்பு வரிசையில் இருந்தது. கண் இருக்கிறவர்கள் எண்ணைப் பார்த்ததும் தங்களை அறியாமல் ஒரு முறை மேலே போய் வருகிறார்கள். காதுக்கு அப்படிப் போய்வர வழியில்லை. தலைப்பு ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இறங்கி வர வேண்டும்.

கட்டங்களைப் பழையபடி வரவழைத்து, ஒவ்வொன்றிலும் எண்ணை எழுத்தாக்கி அடித்தாள். சூரியனிலிருந்து இத்தனை கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. சூரியனை ஒரு முறை சுற்றிவர இத்தனை காலம் ஆகிறது. எட்டுக் கோள்களுக்கும் முடித்து, தலைப்பு வரிசையை நீக்கிவிட்டு, மறுபடி காற்புள்ளி கொடுத்து அழுத்தினாள்.

கோடுகள் போயின. வெள்ளைத் திரையில் எட்டு வாக்கியங்கள் நின்றன. சரிபார்க்கத்தான் படிக்க ஆரம்பித்தாள். வியாழனுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள். சனிக்கு இருபத்தொன்பது. கடைசி வரியில் நெப்டியூன், நானூற்றைம்பது கோடி கிலோமீட்டர் தூரத்தில், ஒரு முறை சுற்றிவர நூற்று அறுபத்தைந்து ஆண்டுகள். அவள் கை விசைப்பலகையிலிருந்து தானாக விலகியது. ஒருவர் பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்று, செத்து, அந்தப் பிள்ளையும் வாழ்ந்து முடித்த பிறகும் அது ஒரு சுற்றை முடிக்காமல் போய்க்கொண்டிருக்கும். வெளியே கண்டக்டர்கள் ஊர்ப் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார்கள். ஆதார் நகல் எடுக்க வந்தவர் இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் அவளுக்குக் காது கேட்டது.

அன்று மாலை மணிவேல் அதைக் கேட்டார். எங்கும் நிறுத்தவில்லை. முடிந்ததும் ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்தார். பிடிக்கவில்லையோ என்று அவள் பயந்தாள்.

"வருஷா வருஷம் போர்டுல இத எழுதியிருக்கேன். எல்லாக் கட்டமும் ஒரே சைஸு. புதனுக்குக் கீழ கையகலத்துல நெப்டியூன் இருக்கும்" என்றார். "இப்பதான் கலா தூரம் தெரியுது."

திங்கட்கிழமை அவளும் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனாள். மணிவேல் வகுப்பறைக்குள் போகவில்லை. பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துவரச் சொல்லி, கொடிக்கம்பத்தைத் தொட்டுப் பார்த்து அதன் அருகில் நின்றுகொண்டார். தான்தான் சூரியன் என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு கோடி கிலோமீட்டருக்கு ஓர் எட்டு நடக்க வேண்டும் என்று கணக்குச் சொன்னார். புதன் அவர் கைக்கெட்டும் தூரத்தைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி நின்றது. பூமியாக சினேகா என்ற பெண் போய் நின்றாள். வியாழன் மைதானத்தின் ஓரம் வரை போய்விட்டது. சனியும் யுரேனஸும் வளாகத்தின் நீளத்தையே தின்றுவிட்டன. நெப்டியூனுக்குப் பள்ளியில் இடமில்லை. பிள்ளைகளைச் சாலைக்கு அந்தப் பக்கம் அனுப்ப முடியாது.

"நீ போறியா கலா?" என்றார்.

எட்டுகளை எண்ணிக்கொண்டே கேட்டைத் தாண்டினாள். சாலையைக் கடந்தாள். மல்லாட்டை பிடுங்கி முடித்திருந்த கொல்லை, வேர்க்கடலைக் கொடிகள் காய்ந்து கிடந்த வெற்று நிலம். செருப்பில் செம்மண் ஏறியது. அவள் விரல்கள் ஒரு நொடியில் அடித்துவிட்ட எண், நடந்து தீரவில்லை. பாதியில் கால் தயங்கியது, இன்னும் பாதி இருந்தது. ஒருவழியாகக் கணக்கு முடிந்த இடத்தில் திரும்பி நின்றாள். மேற்கே, தொலைவில், நீலமாக மலை தெரிந்தது. பள்ளி சிறியதாகிவிட்டிருந்தது. பிள்ளைகள் நிறப்புள்ளிகளாக நின்றார்கள். கொடிக்கம்பத்தடியில் அவருடைய வெள்ளைச் சட்டை ஒரு பொட்டாக இருந்தது.

தலைமை ஆசிரியர் வராந்தாவுக்கு வந்து நிற்பதும் தெரிந்தது. அவர் முகம் தெரியவில்லை.

மணிவேல் ஒவ்வொரு கோளாகக் கூப்பிட்டு, பெயரைச் சொல்லிக் குரல் கொடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். அவருடைய குரல் அவளுக்கு எட்டவில்லை. புதன் கை தூக்கியது. பிறகு வெள்ளி. சினேகாவின் குரல் மட்டும் காற்றில் லேசாக வந்தது. வியாழன், சனி என்று கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்து வந்தன. யுரேனஸாக நின்ற பையன் கத்தியதும் எல்லாப் பிள்ளைகளும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

இத்தனை வருடத்தில் அவரை நோக்கி அவள் குரலை உயர்த்தியதில்லை. கொல்லை காலியாக இருந்தது. இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, மூச்சை இழுத்து, "நெப்டியூன்!" என்று கத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. குரல் சாலையைத் தாண்டி, சுவரைத் தாண்டி, அத்தனை பிள்ளைகளையும் தாண்டிப் போக வேண்டியிருந்தது. பிறகு அந்த வெள்ளைப் பொட்டு அசைந்தது. வேறெங்கோ பார்த்து நின்றவர் மெல்ல, மெல்லத் திரும்பி, நேராக அவள் நிற்கும் திசைக்கு முகத்தைக் கொண்டுவந்து, அங்கேயே நிறுத்தினார்.