எட்டின் இடுப்பு

என் எல்.எல்.ஆர். நாளையோடு காலாவதி. திங்கட்கிழமை புதுப் பள்ளியில் வேலைக்குச் சேர வேண்டும். அந்த ஊருக்கு இருக்கிற ஒரே பஸ் பத்து மணிக்குத்தான் போகும். கணவர் கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்ஸைப் பிடிக்க விடிந்ததுமே கிளம்பிவிடுவார். இன்று ஸ்கூட்டரில் நான் எட்டுப் போட்டே ஆகவேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை நடுவில் காலை ஊன்றித் தோற்றவள்.

செங்கல்பட்டு டெஸ்ட் மைதானத்தில் எனக்கு முன்னால் நான்கு பேர். டிரைவிங் ஸ்கூல் முனிசாமி பக்கத்தில் வந்து நின்றார்.

"டீச்சர், ஸ்கூல்ல இன்னா பாடம் எடுக்கிறீங்க?"

"பிசிக்ஸ்."

"வண்டி வளையிறதெல்லாம் அதுலதானே கீது?"

"ஆமா. பதினோராங் கிளாஸ்ல."

"அப்ப ஏன் டீச்சர், வளையும்போது வெளிப்பக்கமா சாயறீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. பதினாறு வருடமாகக் கரும்பலகையில் வட்டம் வரைகிறேன். வேகம் மாறாவிட்டாலும் திசை மாறுகிறதே, அதனால் முடுக்கம் உண்டு, அது மையத்தை நோக்கித்தான் என்று தொண்டை வறளக் கத்துகிறேன். அம்புக்குறியை வெளியே போட்ட பிள்ளைக்கு அரை மார்க்கூடத் தந்ததில்லை.

ஆனால் அவர் சொன்னது உண்மை. விழுந்துவிடுவோமோ என்று என் உடம்பு வெளிப்பக்கம் ஒதுங்கும். ஊருக்குத்தான் உபதேசம்.

"ரேணுகா," என்று இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார்.

முதல் வளைவில் பயத்தோடே உள்ளே சாய்ந்தேன். வண்டி சொன்னபடி கேட்டது. அடுத்தது எட்டின் இடுப்பு, இரண்டு வட்டமும் சேரும் இடம், நான் இரண்டு முறையும் தோற்ற இடம். இடப்பக்க வட்டத்தின் மையம் கைவிட்டு, வலப்பக்க வட்டத்தின் மையம் இன்னும் பிடிக்காத ஒரு நொடி. இந்த இடத்தை நான் வகுப்பில் வரைந்ததே இல்லை. வலது கால் தானாகக் கீழே நீண்டது. இழுத்துக்கொண்டு வலப்பக்கம் சாய்ந்து எட்டை முடித்தேன்.

"போங்கம்மா. அடுத்து யாரு?"

"சார், கால்..."

"தரையில படல. பாஸ்தான், போங்க."



திங்கட்கிழமை ஸ்கூட்டரில் பிரேயருக்கு முன்பே போய்விட்டேன். முதல் வகுப்பில் வட்டம் வரைந்து, முடுக்கத்துக்கு அம்புக்குறி போட ஒரு பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் வெளிப்பக்கம் போட்டாள். அழிக்கப் போன என் கை நின்றது.

"ஏன் அங்க போட்ட?"

"வளையும்போது வெளிய தள்ளுற மாதிரிதானே இருக்கும் டீச்சர்?"

"ஆமா," என்றேன். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."